கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் இருக்கிறதா? ஊர்க் குடிநீரைப் புரிந்துகொள்ள ஓர் எளிய விளக்கம்

ஊரில் யாரைக் கேட்டாலும் தண்ணீரை இரண்டாகத்தான் பிரிப்பார்கள்: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. பருப்பு சீக்கிரம் வெந்தால் நல்ல தண்ணி. வேகாமல் அடம்பிடித்தால், சோப்பு நுரைக்காவிட்டால், பாத்திரத்தில் வெள்ளையாகப் படிந்தால் உப்புத் தண்ணி. நாக்கும் அடுப்பும் சேர்ந்து சொல்லும் இந்தத் தீர்ப்பில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் அது பாதித் தீர்ப்புதான். காலராவையும் டைபாய்டையும் கொண்டுவரும் கிருமிக்கு ருசி கிடையாது. பல்லைப் பழுப்பாக்கும் ஃப்ளோரைடு கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பார்த்தாலும் தெரியாது. இனிப்பாக, தெளிவாக, சில்லென்று இருக்கிற கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஒரு தெருவே வயிற்றுப்போக்கில் படுத்திருக்கிறது.

எனக்கும் இது தாமதமாகத்தான் புரிந்தது. எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டி பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நிற்கிறது, 30,000 லிட்டர். அதன் ஒரு தூணில் நீல பெயிண்டில் கட்டம் போட்டு, 'சுத்தம் செய்த நாள்', 'அடுத்து சுத்தம் செய்ய வேண்டிய நாள்' என்று எழுதியிருக்கும். பத்து வருஷமாக அந்தத் தூணைத் தாண்டித்தான் கடைக்குப் போய் வந்தேன், ஒரு நாளும் நின்று படித்ததில்லை. வீட்டுக்கு வீடு குழாய் தரும் ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களைத் தேர்ந்தெடுத்து, கையில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டியைக் கொடுத்துப் பயிற்சி தந்தார்கள். அதில் நானும் ஒருத்தி. அதற்கப்புறம்தான் அந்தத் தேதிகள் கண்ணில் பட்டன. பயிற்சியில் கேட்டதையும், பிறகு கையால் செய்து தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில், சிறிய குடிநீர் அமைப்பு என்றால் என்ன? ஒரு போர் (ஆழ்துளைக் கிணறு), ஒரு மோட்டார், ஒரு தொட்டி, தெருவுக்குள் ஓடும் பைப், அதன் முனையில் குழாய்கள். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. பெரும்பாலான ஊர்களின் குடிநீர் இப்படித்தான் வருகிறது. சில ஊர்களுக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்து ஆற்று நீர் சுத்திகரித்து வரும். அதுவும் ஊர் எல்லையில் ஊராட்சியின் தொட்டிக்குள் விழுந்துவிட்டால், அதற்குப் பிறகு ஊராட்சியின் பொறுப்பு. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் குடிநீர் தருவதை ஊராட்சியின் கடமையாகவே வைத்திருக்கிறது.

பெரிய நகரத்தில் சுத்திகரிப்பு நிலையம் இருக்கும், ஆய்வகம் இருக்கும், இரவு பகலாக ஆள் இருப்பார்கள். நம் ஊரில் இந்த வேலை மொத்தமும் தொட்டி ஆபரேட்டர் என்கிற ஒரே மனிதரின் தோளில் இருக்கிறது. மோட்டார் போடுவது, வால்வு திறப்பது, பிளீச்சிங் பவுடர் கலப்பது, லீக் அடைப்பது எல்லாம் அவர்தான். சம்பளம் சொற்பம். அவர் லீவு போட்டால் மாற்று ஆள் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இன்றைய ஆபத்தும் பத்து வருஷ ஆபத்தும்

தண்ணீரில் இருக்கக்கூடிய கெடுதலை இரண்டு கடிகாரமாக நினைத்துக்கொள்ளலாம்.

ஒன்று வேகமாக ஓடும் கடிகாரம். அது கிருமி. இன்றைக்கு சாக்கடை கலந்தால் நாளையோ மறுநாளோ குழந்தைக்கு வாந்தி, பேதி. இதற்கு 'கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை' என்ற பேச்சே கிடையாது. 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை என்ற பாக்டீரியா ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதுதான் விதி. ஈ.கோலை மனித, விலங்குக் குடலில் வாழ்வது. தண்ணீரில் அது இருக்கிறது என்றால் எங்கிருந்தோ மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். மலத்தோடு வேறு எந்த நோய்க்கிருமி வந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

இன்னொன்று மெதுவாக ஓடும் கடிகாரம். ஃப்ளோரைடு, உப்பு, நைட்ரேட் போன்ற கரைந்த பொருட்கள். ஒரு குடம் குடித்தால் ஒன்றும் ஆகாது, வருஷக்கணக்கில் குடித்தால்தான் வினை. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பாறைக்குள்ளிருந்து ஃப்ளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. பல் பழுப்பாவதில் தொடங்கி எலும்பு, மூட்டு வரைக்கும் பிடித்துக்கொள்ளும் நோய் அது. போரை ஆழமாக்கினாலும் தீராது என்பதால்தான் ஒகேனக்கலிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் பெரிய திட்டம் போட்டு, 2013இல் தொடங்கி வைத்தார்கள். நைட்ரேட் உரத்திலிருந்தும் கழிவறைக் குழியிலிருந்தும் இறங்குவது. இதில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும்: பெரியவர்களுக்கு மெதுவான கடிகாரம்தான், ஆனால் பால் பவுடர் கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தைக்கு அது வேகமான கடிகாரம். குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியை இழந்து உடம்பு நீலம் பாயும்.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வீட்டில் தப்பு நடக்கிறது. 'நாங்க கொதிக்க வெச்சுத்தான் குடிக்கிறோம்' என்று நிம்மதியாகச் சொல்வார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உண்மை. ஆனால் ஃப்ளோரைடும் நைட்ரேட்டும் ஆவியாகிப் போகாது. தண்ணீர்தான் கொஞ்சம் சுண்டும், அவை அப்படியே மிஞ்சும்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 10500 என்ற ஆவணம்தான் நம் நாட்டில் குடிநீருக்கான அளவுகோல், இப்போதுள்ளது 2012இல் வந்த பதிப்பு. ஆய்வக அறிக்கையில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே இரண்டு எண் இருப்பதைப் பார்த்துப் பலர் குழம்புவார்கள். முதல் எண் ஏற்கத்தக்க அளவு, அதாவது தண்ணீர் இருக்க வேண்டிய நிலை. இரண்டாவது, வேறு ஆதாரமே இல்லாத ஊருக்கு அனுமதிக்கும் கடைசி எல்லை. கரைந்த உப்புகளின் மொத்த அளவான டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் இருக்க வேண்டும், வேறு வழி இல்லாவிட்டால் 2,000 வரை. கடினத்தன்மை 200, போனால் 600. ஃப்ளோரைடு 1.0, போனால் 1.5. நைட்ரேட்டுக்கு 45 மட்டும்தான், அதற்கு மேல் சலுகை இல்லை. ஈ.கோலைக்கும் சலுகை இல்லை. சலுகை எங்கே உண்டு, எங்கே இல்லை என்று பார்த்தாலே எது எவ்வளவு ஆபத்து என்று புரிந்துவிடும். டி.டி.எஸ். 1,200 என்று அறிக்கை வந்தால் பதற வேண்டாம். ஈ.கோலை இருக்கிறது என்று வந்தால் அன்றைக்கே வேலை தொடங்க வேண்டும். நம் ஊரில் தலைகீழாக நடக்கிறது. டி.டி.எஸ். மீட்டரைக் குழாயில் நீட்டி, 'பாருங்க, எவ்வளவு காட்டுது' என்று பயம் காட்டி மெஷின் விற்கிறார்கள். அந்த மீட்டருக்குக் கிருமி என்றால் என்னவென்றே தெரியாது.

குளோரின்: செலவும் மீதியும்

கிருமிக்கு ஊரில் இருக்கிற ஒரே ஆயுதம் பிளீச்சிங் பவுடர், அதாவது அதிலுள்ள குளோரின். இதைப் புரிந்துகொள்ள சந்தைக்குப் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். 100 ரூபாய் எடுத்துப் போகிறீர்கள். காய்கறி, மளிகை என்று 70 செலவாகிறது. 30 மிச்சத்தோடு வீடு திரும்புகிறீர்கள். வழியில் ஏதாவது அவசரம் வந்தால் அந்த 30 கைகொடுக்கும். தொட்டியில் போடும் குளோரினும் அப்படித்தான். தண்ணீரில் ஏற்கெனவே இருக்கிற கிருமி, இரும்பு, அழுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பங்கு செலவாகும். செலவு போக மிஞ்சுவதற்கு எஞ்சிய குளோரின் என்று பெயர். அந்த மீதிதான் பைப்புக்குள் தண்ணீரோடு கூடவே போய், வழியில் ஏதாவது கலந்தால் எதிர்த்து நிற்கும்.

ஆகவே எவ்வளவு பவுடர் போட்டோம் என்பதை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. கடைசி வீட்டுக் குழாயில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 10500. ஊரில் மஞ்சள் காமாலை போன்ற வைரஸ் நோய் பரவும் காலத்தில் குறைந்தது 0.5. மேல் எல்லை 1.

போடும் அளவு எப்படிக் கணக்கிடுவது? புதுப் பவுடரில் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். மூட்டையைப் பிரித்து வைத்தால் காற்றும் ஈரமும் வெயிலும் பட்டு நாளுக்கு நாள் குறையும். அதனால் கால் பங்கு என்று வைத்துக் கணக்குப் போடுவது பாதுகாப்பு. 1,000 லிட்டருக்கு 4 கிராம் பவுடர் போட்டால் 1 கிராம் குளோரின், அதாவது லிட்டருக்கு 1 மில்லிகிராம். எங்கள் தொட்டி 30,000 லிட்டர் என்பதால் 120 கிராம். ஒரு முழுத் தொட்டிக்கு 120 கிராம் என்பதைக் கவனியுங்கள், ஒரு நாளைக்கு அல்ல. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தொட்டியை நிரப்புகிற ஊரில் இரண்டு தடவையும் போட வேண்டும். காலையில் போட்டது காலைத் தண்ணீரோடு போய்விட்டது. பல ஊர்களில் சாயங்காலத் தண்ணீர் வெறும் தண்ணீராக வருவதற்குக் காரணம் இதுதான்.

120 கிராமை எதில் அளப்பது? எங்கள் ஆபரேட்டர் அண்ணன் கை அளவாகத்தான் அள்ளிப் போடுவார். ஒரு நாள் பவுடரைப் பாலிதீன் கவரில் கட்டி மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தோம். அவருடைய ஒரு 'கை' ஒரு தடவை 60 கிராம், இன்னொரு தடவை 90. பழைய பிளாஸ்டிக் டம்ளர் ஒன்றில் 120 கிராம் நிற்கும் இடத்தில் மார்க்கரால் கோடு போட்டோம். இன்றைக்கும் பம்ப் அறை ஜன்னலில் அந்த டம்ளர்தான் இருக்கிறது.

கலப்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் போட்டு, கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, முதலில் இட்லி மாவு பதத்துக்குக் கட்டி இல்லாமல் கரைக்க வேண்டும். பிறகு வாளியை முக்கால் அளவுக்கு நிரப்பிக் கலக்கி, அப்படியே வைத்துவிட வேண்டும். கொஞ்ச நேரத்தில் சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் தெளிந்த நீரில்தான் குளோரின் இருக்கிறது. அதை மட்டும் வேறு வாளியில் இறுத்து, தொட்டிக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே ஊற்றினால் நன்றாகக் கலக்கும். அடியில் தங்கிய சுண்ணாம்பைத் தொட்டியில் கொட்டினால், கலங்கலும் பைப்பில் படிவும்தான் மிச்சம். ஊற்றிய பிறகு அரை மணி நேரம் காத்திருந்து வால்வைத் திறக்க வேண்டும். குளோரினுக்குக் கிருமியைக் கொல்ல அந்த அவகாசம் தேவை. தண்ணீர் கலங்கலாக இருந்தால் அழுக்குத் துகளுக்குள் கிருமி ஒளிந்துகொள்ளும், அந்த அரை மணி நேரம் போதாது. முகத்தில் துணி கட்டிக்கொண்டு, காற்று வரும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி நின்று கலக்க வேண்டும் என்பதையும், கழிவறை கழுவும் ஆசிட்டை இந்த வாளிப் பக்கமே கொண்டுவரக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டும் சேர்ந்தால் வருவது நச்சு வாயு.

'மருந்து வாடை அடிக்குது, குடிக்க முடியல' என்று தெருவில் சண்டைக்கு வருபவர்கள் உண்டு. அந்தச் சண்டைக்குப் பயந்தே சில ஊர்களில் ஆபரேட்டர்கள் பவுடரைக் குறைத்துவிடுகிறார்கள். குடத்தில் பிடித்து, மெல்லிய துணியால் மட்டும் மூடி, கொஞ்ச நேரம் வைத்தால் வாடை குறையும். லேசான வாடை இருப்பது நல்லது. மீதிப் பணம் பையில் இருக்கிறது என்று அர்த்தம்.

நிறம் மறைந்த இடம்

மீதியை அளப்பது சமையலைவிடச் சுலபம். சின்னக் கண்ணாடிக் குழாயில் கோடு வரை தண்ணீர் பிடித்து, டி.பி.டி. மாத்திரை ஒன்றைப் போட்டுக் குலுக்கினால், குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும். அந்த நிறத்தை அட்டையில் உள்ள நிறங்களோடு ஒப்பிட்டு எண்ணைப் படிக்கலாம். ஒரு நிமிஷ வேலை. சில பெட்டிகளில் ஓ.டி. என்ற திரவம் இருக்கும், அது மஞ்சளாகக் காட்டும். அந்தத் திரவம் உடம்புக்கு ஆகாதது, கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எதில் சோதித்தாலும் சோதித்த தண்ணீரைத் தூரக் கொட்டிவிட வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசி மாதம், நான்கு நாள் விடாத மழை. தொட்டிக்குக் கீழே உள்ள குழாயில் சோதித்தேன்: நல்ல இளஞ்சிவப்பு, 0.5க்கு மேல். காலனிக் கடைசியில் உள்ள வீட்டுக் குழாயில் சோதித்தேன்: தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. ஒரு துளி நிறம்கூட இல்லை. ஆபரேட்டர் அண்ணனுக்கு முகம் வாடிவிட்டது. 'பவுடர் போட்டேம்மா, நான் பொய் சொல்லலை' என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்று தொட்டிக் குழாயே சொன்னது. அப்படியென்றால் வழியில்தான் யாரோ குளோரினைச் செலவழிக்கிறார்கள். குடையைப் பிடித்துக்கொண்டு பைப் போகும் வழியே நடந்து, ஒவ்வொரு குழாயாகச் சோதித்துக்கொண்டு போனோம். கோயில் முக்குக் குழாயில் நிறம் வந்தது. ரேஷன் கடைக் குழாயில் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கேட் வால்வுக் குழி. மூடியைத் தூக்கினால் சாக்கடைத் தண்ணீர் வால்வுக்கு மேல் நின்றது.

இது ஏன் உள்ளே போகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 24 மணி நேரமும் தண்ணீர் ஓடும் பைப்பில் உள்ளே அழுத்தம் இருக்கும். ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியேதான் பீய்ச்சும். நம் ஊரில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம்தான் தண்ணீர் விடுகிறோம். வால்வை மூடியதும் பைப் காலியாகி, உள்ளே உறிஞ்சும் சக்தி வருகிறது. அப்போது அதே ஓட்டை வழியாக வெளியே நிற்பது எதுவோ அது உள்ளே போகும். சாக்கடை நின்றால் சாக்கடை. தண்ணீர் ஏறவில்லை என்று குழாய்க்குக் குழி வெட்டி, தரை மட்டத்துக்குக் கீழே குழாய் வைத்திருக்கிறார்களே, மழை பெய்தால் அந்தக் குழாயே மூழ்கிவிடும். தெருப் பைப்பில் நேராக மோட்டார் வைத்து இழுப்பதும் இதே கேட்டைத்தான் செய்கிறது. ஒரு வீட்டில் மோட்டார் ஓடினால், பக்கத்து ஓட்டைகள் வழியாக அழுக்கை உறிஞ்சி நாலு வீட்டுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. தண்ணீர் விட்டதும் வரும் முதல் சில நிமிஷத் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காமல் செடிக்கோ பாத்திரம் கழுவவோ விடுங்கள் என்று நான் வீடு வீடாகச் சொல்வது இதற்காகத்தான்.

அந்த வால்வை மாற்ற மூன்று நாள் ஆனது. அதுவரை காலனிக்கு டிராக்டரில் தண்ணீர். கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லி கோயில் மைக்கில் அறிவித்தார்கள். மாற்றிய பிறகு பைப்பைக் குளோரின் தண்ணீரால் கழுவிவிட்டு, மறுநாள் கடைசிக் குழாயில் சோதித்தபோது அட்டையில் 0.2 நிறம் வந்தது.

கருத்த பாட்டில் சொல்வது நேற்றைய செய்தி

கிருமியையே நேராகச் சோதிக்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். பெட்டியில் சிறிய கண்ணாடி பாட்டில்கள் இருக்கும், உள்ளே மருந்து தடவிய காகிதத் துண்டு. 1982இல் குவாலியரில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த மஞ்சா, மௌரியா, ராவ் ஆகிய விஞ்ஞானிகள் இந்தச் சோதனையை வெளியிட்டார்கள். ஆய்வகமே இல்லாத இடத்திலும் செய்ய முடிந்ததால் உலகின் பல நாடுகளுக்குப் போன நம் ஊர்க் கண்டுபிடிப்பு அது. குழாய் வாயைத் துடைத்து, கொஞ்ச நேரம் தண்ணீரை ஓடவிட்டு, பாட்டில் வாயில் விரல் படாமல் கோடு வரை பிடித்து மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும். ஒரு நாள், இரண்டு நாளில் தண்ணீர் கறுத்தால் மலக் கழிவு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். உடனே மாவட்ட ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்ப வேண்டும். கறுக்காவிட்டால் முழு நிம்மதி என்றும் சொல்ல முடியாது, அந்த ஒரு பாட்டில் தண்ணீரைப் பற்றிய செய்திதான் அது.

அதோடு, பாட்டில் கறுப்பதற்குள் அந்தத் தண்ணீரை ஊர் குடித்து முடித்திருக்கும். ஆய்வகச் சோதனையும் அப்படியே. வேண்டாம் என்று சொல்லவில்லை, கண்டிப்பாக வேண்டும். ஜல் ஜீவன் திட்ட வழிகாட்டுதல்படி, ஒவ்வொரு நீர் ஆதாரத்துக்கும் ரசாயனச் சோதனை வருஷத்துக்கு ஒரு முறை, கிருமிச் சோதனை மழைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு முறை செய்ய வேண்டும். ஆனால் வருஷத்தில் மீதி 363 நாளும் ஊரைக் காப்பது அந்த ஒரு நிமிஷ இளஞ்சிவப்புச் சோதனைதான். காரணம், அது மட்டும்தான் தண்ணீரைக் குடிப்பதற்கு முன்பே பதில் சொல்கிறது.

வாக்கர்டன் நோட்டு

'எல்லாம் சரி, இதை எதற்கு நோட்டில் வேறு எழுத வேண்டும்?' என்று எங்கள் குழுவிலேயே ஒரு அக்கா கேட்டார். பயிற்சியில் இதற்குப் பதிலாகச் சொன்ன கதையை நான் மறக்கவே இல்லை.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்று ஒரு சின்ன ஊர். ஏறக்குறைய 5,000 பேர், நம்மூர்ப் பெரிய ஊராட்சி அளவுதான். சில கிணறுகளிலிருந்து தண்ணீர், அதில் குளோரின். 2000ஆம் ஆண்டு மே மாதம் கனமழை பெய்தது. ஆழம் குறைந்த ஒரு கிணற்றுக்குப் பக்கத்துப் பண்ணையில் வயலுக்குப் போட்டிருந்த மாட்டுச் சாணம் மழையோடு இறங்கிக் கிணற்றில் கலந்தது. அந்த விவசாயி தவறு எதுவும் செய்யவில்லை, எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். சாணத்தோடு ஈ.கோலையில் கொடிய ஒரு வகை வந்தது. போட்ட குளோரின் எல்லாம் அந்த அழுக்குக்கே செலவாகி, மீதி ஒன்றும் இல்லாமல் போனது.

தினமும் மீதியை அளந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நோட்டில் தினமும் எண் இருந்தது. 0.5, 0.75, 0.5 என்று வரிசையாக. அளக்காமலே எழுதிய எண்கள். வருஷக்கணக்காக அப்படித்தான் எழுதி வந்திருக்கிறார்கள் என்பது பிறகு நீதிபதி டென்னிஸ் ஓகானர் நடத்திய விசாரணையில் வெளியே வந்தது. தண்ணீர் கெட்டிருக்கிறது என்ற ஆய்வக முடிவு மே 17ஆம் தேதியே குடிநீர் நிர்வாகத்துக்கு வந்துவிட்டது. ஆனால் சுகாதாரத் துறையினர் போன் போட்டுக் கேட்டபோது, தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றே பதில் சொன்னார்கள். கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்ற அறிவிப்பு 21ஆம் தேதிதான் வந்தது. 2,300 பேருக்கு மேல் நோய்வாய்ப்பட்டார்கள். 7 பேர் இறந்தார்கள்.

இதைக் கேட்ட பிறகு எங்கள் குழுவில் யாரும் நோட்டைக் கேலி செய்வதில்லை. நாள், நேரம், எந்தக் குழாய், என்ன எண், யார் சோதித்தது. ஐந்தே கட்டம். பூஜ்யம் வந்தால் பூஜ்யம் என்றுதான் எழுத வேண்டும். இதில் அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: பூஜ்யம் எழுதியவரை மேலே உள்ளவர்கள் திட்டினால், அடுத்த நாளிலிருந்து அந்த நோட்டில் 0.5 மட்டும்தான் வரும். எங்கள் ஆபரேட்டர் அண்ணன் அன்று பயந்ததும் அதற்குத்தான்.

தொட்டியைப் பற்றிக் கொஞ்சம். பதினைந்து நாளைக்கு ஒரு முறை தண்ணீரை இறக்கி, அடிச் சேற்றை வெளியேற்றி, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அதன் தேதிதான் தூணில் இருப்பது. மூடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா, காற்றுப் போகும் குழாய்க்கு வலை இருக்கிறதா, ஏணிக்கும் மூடிக்கும் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். பறவையும் பல்லியும் விழாமல் இருக்க மட்டுமில்லை அந்தப் பூட்டு. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போன பிறகுதான் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். குடிநீர்ப் பாதுகாப்பு என்று பேசும்போது பாக்டீரியாவை மட்டும் பேசிவிட்டு இதைப் பேசாமல் போக என்னால் முடியாது. எந்தத் தெருவின் தொட்டிக்கு மூடி உடைந்து கிடக்கிறது, எந்தத் தெருவுக்குக் கடைசியில் தண்ணீர் விடுகிறார்கள் என்று எல்லா ஊரிலும் ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும்.

போர் இருக்கும் இடமும் அப்படித்தான். சுற்றிலும் சிமெண்ட் மேடை, தண்ணீர் தேங்காமல் ஓட வாய்க்கால், கழிவறைக் குழியிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளி. மாடு கட்டும் இடமாக அது இருக்கக் கூடாது.

நீங்கள் எங்கே தொடங்கலாம்?

கிராம சபை இப்போது வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் அன்றைக்குத் தண்ணீரைப் பற்றிப் பேச யாரும் தடை சொல்ல முடியாது. கடைசியாக எந்தத் தேதியில் ஆய்வக அறிக்கை வந்தது, அதை வாசித்துக் காட்டுங்கள் என்று கேளுங்கள். எஞ்சிய குளோரின் நோட்டைப் பார்க்கக் கேளுங்கள். ஊராட்சியில் அறிக்கையே இல்லை என்றால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பொதுமக்களே சிறிய கட்டணம் கட்டி மாதிரி கொடுக்கலாம். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் சுத்தமான பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும், ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வீட்டு பாட்டிலில் பிடித்துப் போனால் முடிவு செல்லாது.

எங்கள் ஊரில் போன மார்ச் கூட்டத்தில் கேட்டோம். ஊராட்சிச் செயலர் பைலை எடுத்து வந்து வாசித்தார். டி.டி.எஸ். 1,150. ஃப்ளோரைடு 0.8. ஈ.கோலை இல்லை. நைட்ரேட் 38. கடைசி எண்ணில் எங்கள் குழு நின்றது. 45க்குள்தான் இருக்கிறது, ஆனால் பழைய அறிக்கையைத் தேடிப் பார்த்தால் அதில் 29. போருக்கு மேற்கே புதிதாக வந்த வீடுகளின் கழிவறைக் குழிகளை அளந்து பார்க்க வேண்டும் என்றும், மழை முடிந்ததும் மறுபடி மாதிரி எடுக்க வேண்டும் என்றும் தீர்மானத்தில் எழுத வைத்தோம். குழிகளை அளக்க வரும் ஞாயிற்றுக்கிழமை போகிறோம். டேப்பை ஆபரேட்டர் அண்ணன் கொண்டுவருகிறார்.